நெத்திலியின் மணல்பெட்டி

1

அடுத்த வாரம் என் மனைவி அஞ்சலையின் இரண்டாம் ஆண்டு நினைவு நாள். வின்னிபெக்கில் வெளியே இடுப்பளவு பனி கிடக்கிறது. ஜன்னல்களின் மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, குளிர் நுழையாதபடி அடைத்துவிட்டோம். இனி பங்குனி கழிந்துதான் திறப்போம். இந்த மாதங்களில் வீட்டுக்குள் எந்த வாசனை கிளம்பினாலும் அது வெளியே போகாது. எங்களோடு உட்கார்ந்து சாப்பிடும், எங்களோடு படுத்துத் தூங்கும்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் மகள் செல்வி, அவள் தனியாக வளர்த்து ஆளாக்கிய என் பேத்தி கயல், நான். நாலாவதாக ஒரு பூனை. பெயர் நெத்திலி. விலங்குக் காப்பகத்திலிருந்து கொண்டுவந்த அன்று அது அவ்வளவு ஒல்லியாக இருந்ததால் அஞ்சலை அந்தப் பெயரை வைத்தாள். கால்நடை மருத்துவமனையில் பதிவு செய்யப் போனபோது பூனைக்குக் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். இங்கே குடும்பப் பெயர் இல்லாமல் எதுவும் நகராது. எங்களுக்கு இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது என்று குடியேற்ற அலுவலகத்தில் மேசை மேசையாக விளக்கிப் பார்த்துத் தோற்றவன் நான். என் அப்பா ஏகாம்பரத்தின் பெயரே எங்கள் எல்லோருக்கும் குடும்பப் பெயராகி, கடைசியில் பூனைக்கும் ஆனது. கோவளத்தில் கட்டுமரம் ஓட்டிய மனிதர். அவர் பெயரை, நாய்களும் முயல்களும் காத்திருந்த ஓர் அறையில் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள்.

“நெத்திலி ஏகாம்பரம்.”

அஞ்சலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “மாமா இருந்தா இந்நேரம் பேத்தி பொறந்துச்சுன்னு ஊரு பூரா கல்கண்டு குடுத்துகினு இருப்பாரு.”

போன வருஷம், அவளுடைய முதல் நினைவு நாளன்று, நெத்திலியைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோனவன் நான். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்துதான் செய்தேன். அடுத்த வாரத்துக்குள் இதைக் கயலிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாளோ என்று பயம். அதனால் முதலில் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன்.

2

கோவளத்தில் பூனைக்கென்று கழிப்பிடம் தேவைப்பட்டதே இல்லை. கரை முழுக்க மணல். படகு கரையேறி வலை உதறும் நேரத்துக்குப் பூனைகள் வரும். தலையும் குடலும் தின்னும், படகின் நிழலில் தூங்கும், மணலைத் தோண்டிக் காரியத்தை முடித்துவிட்டு நாகரிகமாக மூடும். மிச்சத்தை வெயிலும் உப்புக்காற்றும் பார்த்துக்கொள்ளும். மூக்கைச் சுளிப்பவர்கள் மாமல்லபுரத்துக்குப் போகும் பஸ்ஸில் இருப்பவர்கள்தான். அவர்களும் அடுத்த நிறுத்தத்துக்குள் மறந்துவிடுவார்கள்.

நானும் அஞ்சலையும் அந்தக் கரையில் பிறந்தவர்கள். அவள் என் தாய்மாமன் மகள். நான் எம்.எஸ்ஸி. வரை படித்து, செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியரானேன். பேச்சை மாற்றிக்கொண்டேன். அவள் மாற்றவில்லை. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருந்தபோதும், செல்வியை நம்பி இந்தக் குளிருக்கு வந்து குடியேறிய பிறகும், அவள் வாயில் கோவளம் அப்படியே இருந்தது. கயலுக்குத் தமிழ் வந்தது அவளிடமிருந்துதான். கனடாவில் பிறந்த பெண், “இன்னா தாத்தா”, “எங்க வூட்டாண்ட” என்று பேசுவாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் ஆசிரியை ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து, “ஐயா, நீங்க படிச்சவங்க, வீட்டுல கொஞ்சம் திருத்தக் கூடாதா?” என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அன்று மாலையே திருத்தத் தொடங்கினேன். “என்ன என்று சொல்லு கயல்.”

“இன்னான்னு சொல்லணும்?”

“என்ன.”

“அதான் தாத்தா, இன்னா?”

அடுப்படியிலிருந்து அஞ்சலையின் சிரிப்பு கேட்டது. “வுடுய்யா வாத்தியாரே. கொயந்த கரெக்டா தானே கேக்குது.”

மணல்பெட்டியை அவள்தான் பார்த்துக்கொண்டாள். துணி துவைக்கும் அறையின் மூலையில் ஓர் அகலமான பிளாஸ்டிக் பெட்டி, நெத்திலியின் கழிப்பிடம். அதில் நனைந்தால் கட்டியாகும் களிமண் மணல், மூன்று விரல் ஆழத்துக்கு. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை சல்லடைக் கரண்டியால் அள்ளுவாள். வாரக் கடைசியில் மணல் முழுவதையும் கொட்டிவிட்டு, வெந்நீரும் வாசனையில்லாத சோப்பும் விட்டுத் தேய்ப்பாள். பிறகு பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்து முகர்ந்து பார்ப்பாள். சோப்பு வாசனை மிச்சமிருந்தால் மறுபடி அலசுவாள். அவ்வளவுதான். ஊதுபத்தி இல்லை, வாசனைத் தூள் இல்லை. வீட்டில் பூனை இருப்பதே வருகிறவர்களுக்குத் தெரியாது.

அது ஏன் என்று எனக்குப் பாடமாகவே தெரியும். பூனையின் சிறுநீரில் இருக்கும் யூரியா கிடக்கக் கிடக்க அம்மோனியாவாக மாறும். நேரத்துக்கு அள்ளிவிட்டால் மாறுவதற்கு ஒன்றும் இருக்காது. இதை நான் வேடந்தாங்கலில் வைத்தே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வருஷாவருஷம் பறவை பார்க்கக் கூட்டிப்போவோம். ஏரிக்கரையில் மூக்கைப் பிடிக்கும் பிள்ளைகளிடம், “இதுதான்டா அம்மோனியா, இந்த எச்சம் விழுந்த தண்ணிதான் கீழே வயலுக்கு உரம்” என்பேன். பறவை எச்சத்தில் அறிவியல் கண்டவன், என் வீட்டுப் பூனையின் பெட்டியில் அருவருப்பை மட்டும் கண்டேன்.

3

அஞ்சலை போன பிறகு பெட்டி என்னிடம் வந்தது. செல்விக்கு வேலை, கயலுக்குப் படிப்பு. நாள் முழுக்க வீட்டில் இருப்பவன் நான்தான். யாரும் என்னை ஏவவில்லை. நானே, “நான் பார்த்துக்கிறேன்” என்றேன். செய்தேன், கொஞ்ச நாள்.

ஒருநாள் காலை, அள்ளிக்கொண்டிருக்கும்போது கைபேசி அடித்தது. கோவளத்திலிருந்து தேசிங்கு. அஞ்சலையின் தம்பி. இப்போது படகுக்குப் போவதில்லை, கருவாட்டு வியாபாரம். காணொளியில் என் கையைப் பார்த்துவிட்டான்.

“இன்னா மச்சான் அது, கைல கரண்டி? சமையலா?”

சொன்னேன். கடை முழுவதும் கேட்கும்படி சிரித்தான்.

“மணல காசு குடுத்து வாங்குறியா நீ? இங்க எவங்கிட்டயும் சொல்லிடாத மச்சான். நாளைக்கே கடலாண்ட இருக்குற மணலு பூராத்தையும் மூட்ட கட்டிகினு கெளம்பிடுவானுங்க.”

நானும் சிரித்தேன்.

“அத்த வுடு. பூனைக்குக் கக்கூஸ் கய்வுறதுக்கா மச்சான் அவ்ளோ படிச்ச? எங்க நைனா உன்ன இன்னா நெனச்சிகினு அக்காவக் குட்த்தாரு?”

அவன் கேலி செய்யத்தான் சொன்னான். அவன் அக்கா இருந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பாள். என்னால் சிரித்துவிட்டு மறக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் பெட்டிப் பக்கம் போகவில்லை. மறுநாள் காலையும் போகவில்லை. முழங்கால் வலி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வலி உண்மைதான். ஆனால் அதே முழங்காலோடு பேரங்காடியைச் சுற்றித் தினமும் நடந்து வந்துகொண்டிருந்தேன்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை என்றானது. பிறகு நினைத்தபோது. மேலே கொஞ்சம் புது மணலைத் தூவினால் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். வாசனை கிளம்பியது. ஊதுபத்தி கொளுத்தினேன். வாசனை சேர்த்த மணல் வாங்கி வந்தேன். நெத்திலி அதில் கால் வைக்க மறுத்து, கூடத்துக் கம்பளத்தில் போனாள். இப்போது இரண்டு இடத்தில் நாற்றம். பனிக்காலம் வேறு தொடங்கிவிட்டது. ஜன்னலை அடைத்தோம்.

கார்த்திகை விளக்குக்கு வந்த ஒரு தமிழ் நண்பர் வாசலிலேயே காலணியைக் கழற்றிக்கொண்டு, “சார் வீட்டுல பூனை இருக்குன்னு படியேறும்போதே தெரியுது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கயல் மட்டும் சிரிக்கவில்லை. அன்று மாலை அவளே பெட்டியைச் சுத்தம் செய்யப் போனாள். நான் தடுத்தேன். “படிக்கிற பிள்ளை, நீ போ. தாத்தா பார்த்துக்கிறேன்.”

பார்த்துக்கொள்ளவில்லை.

4

முதல் நினைவு நாள் வந்தது. படையல் போட வேண்டும். எங்கள் வழக்கப்படி அவளுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வைக்க வேண்டும். வஞ்சிர மீன் குழம்பு, கருவாட்டுத் தொக்கு, வடை. நாலைந்து தமிழ்க் குடும்பங்களை அழைத்திருந்தோம். அதே நண்பரும் வருவார்.

காலையில் செல்வி சமையலில் இருந்தாள். கயல் பூ வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். நான் துணி துவைக்கும் அறைக்குள் நின்றேன். கண்ணைக் கரித்தது. அஞ்சலைக்குப் படைக்கும் இலைக்கு இந்த நாற்றம் வருவதா என்று நினைத்தேன். இதை வளர விட்டது நான்தான் என்பதைத் தாண்டிக்கொண்டு அப்படி நினைத்தேன்.

கார் நிறுத்தும் கொட்டகையின் மேல் தட்டில் ஒரு பாட்டில் பினாயில் இருந்தது. நான் ஊருக்குப் போய்த் திரும்பியபோது வேட்டிக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. இங்கே கிடைக்கும் எந்தத் திரவத்திலும் எனக்குச் சுத்தம் என்ற நம்பிக்கை வருவதில்லை. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் செல்வி பிறந்த அன்று, தாழ்வாரம் முழுக்கப் பினாயில் போட்டுத் துடைத்திருந்தார்கள். அந்த ஈரத்தில் நின்றுகொண்டுதான் தாயும் பிள்ளையும் நலம் என்று கேட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சுத்தம் என்றால் ஒரு வாசனை. நம்மில் பலருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். கெட்ட வாசனையை அதைவிடப் பெரிய வாசனையால் அடிப்பதுதான் நமக்குப் பழக்கம்.

அந்தப் பாட்டிலை வீட்டுக்குள்ளிருந்து கொட்டகைக்கு மாற்றியது அஞ்சலை. நெத்திலியை முதல்முறை மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்த மாலை அது. நான் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். கயல் சின்னப் பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள்.

“யோவ் வாத்தியாரே, இங்க பாரு. பினாயிலு, கற்பூரம், அந்துருண்ட. இந்த மூணும் நெத்திலி பக்கத்துலயே வரக் கூடாது. டாக்டரம்மா சொல்லிச்சு. கால்ல பட்டு, அது நக்கிச்சுன்னா பூடும். வெளங்குச்சா?”

“விளங்கிச்சு” என்றேன்.

எனக்கு அவள் சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. பினாயிலில் பீனால் சேர்மங்கள் உண்டு, அவை தோலைப் பொசுக்கும் என்று ஆய்வகத்தில் ஒவ்வொரு வருஷமும் புது மாணவர்களை எச்சரித்தவன் நான்.

நினைவு நாள் காலை இவை எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. மறந்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவையால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். பெட்டியைக் கொட்டினேன். பினாயிலை ஊற்றினேன். தண்ணீர் பட்டதும் அது பால்போல் வெளுத்தது. தேய்த்தேன். வாசனை தங்க வேண்டும் என்று அலசாமல் விட்டேன். ஈரத்தோடு புது மணலைக் கொட்டினேன். தரையையும் துடைத்தேன். நிமிர்ந்து மூச்சை இழுத்தபோது வீடு செங்கல்பட்டு மருத்துவமனைபோல மணத்தது. உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

5

கயல் வெள்ளை லில்லிப் பூக்கள் வாங்கி வந்திருந்தாள். இங்கே இறந்தவர்களுக்கு அதைத்தான் வைக்கிறார்கள். மல்லிகை எங்கே போய்த் தேடுவாள்? தன் ஆயா அஞ்சலையின் படத்துக்குப் பக்கத்தில், உயரமான அலமாரியின் மேல் வைத்தாள்.

படையல் முடிந்து விருந்தினர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நெத்திலி கூடத்துக்கு வந்தாள். வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. பின்னங்கால் பின்னியது. கயல் அவளைத் துண்டில் சுருட்டி எடுத்தாள். செல்வியால் விருந்தினரை விட்டு வர முடியவில்லை. கயல் காரை ஓட்ட, நான் பூனையை மடியில் வைத்துக்கொண்டேன். நெத்திலியின் பாதங்களில் பினாயில் மணத்தது. நான் அதை என் கையால் மூடிக்கொண்டேன்.

மருத்துவர் ஓர் இளம்பெண். வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். பூ ஏதாவது?

கயல் சொன்னாள். மருத்துவரின் முகம் மாறியது. லில்லி பூனைக்கு நஞ்சு, மகரந்தம் மேலே உதிர்ந்தாலே போதும், சிறுநீரகம் போய்விடும் என்றார். கயல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“வேறு ஏதாவது உண்டா?” மருத்துவர் என்னைப் பார்த்துக் கேட்டார். குனிந்து பூனையை முகர்ந்தார். “தார் மாதிரி ஏதோ வாசனை வருகிறதே?”

“சாம்பிராணி” என்றேன். “இன்று என் மனைவியின் நினைவு நாள்.”

அவர் உடனே நிமிர்ந்து, “மன்னிக்க வேண்டும்” என்று தலை தாழ்த்தினார். அதற்கு மேல் கேட்கவில்லை.

என் குற்றத்தை அஞ்சலையின் சாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். இதை எழுதும்போதுதான் அந்த வாக்கியத்தை முழுதாகப் பார்க்கிறேன்.

லில்லிக்கு உரிய மருத்துவம் தொடங்கியது. நரம்பில் திரவம் ஏற்றினார்கள். பினாயில் அவள் பாதத்திலும் வயிற்று ரோமத்திலும் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கயல் பூக்களைக் குவளையோடு எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கப் பனியில் எறிந்தாள். பிறகு என்னிடம் வந்து நின்றாள்.

“நான்தான் தாத்தா அத்த சாவடிச்சிட்டேன். ஆயாவோட பூனய.”

அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

6

மறுநாள் காலை, கயல் சாப்பிடாமல் அறைக்குள் இருந்தாள். மருத்துவமனையிலிருந்து செல்வியிடம் பேசினார்கள். நிலைமை மோசமாகிறது, வாயெல்லாம் புண், லில்லியால் இப்படி ஆகாது, எங்களுக்குப் புரியவில்லை என்றார்கள்.

நான் கொட்டகைக்குப் போய்த் தேசிங்கை அழைத்தேன். அங்கே அந்தி. பின்னால் பஸ் ஹாரன் சத்தம். எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். அவன் சிரிப்பான், பூனைதானே என்பான், எனக்குக் கொஞ்சம் இறங்கும் என்று எதிர்பார்த்தேன்.

“என்னாண்ட எதுக்கு மச்சான் சொல்லிகினு கீற?” என்றான்.

“மனசு கேக்கல தேசிங்கு.”

“கடல்ல ஆளு வுயுந்துட்டான்னு வையி. எந்த எடத்துல வுயுந்தான்னு கரீட்டா சொல்லணும். எடத்த மாத்திச் சொன்னா தேடுற படகு பூரா வேற பக்கம் பூடும். அந்த டாக்டரு இப்ப எந்தப் பக்கம் தேடினு கீறாரு?”

“லில்லிப் பக்கம்” என்றேன்.

“போன வையி மச்சான். மொதல்ல அங்க சொல்லு. அக்கா வளத்தது அது.”

போனை வைத்துவிட்டு, மருத்துவமனைக்கு நானே பேசினேன். பினாயில் என்றால் அவர்களுக்குப் புரியவில்லை. பீனால் என்றேன். அது உடனே புரிந்தது. பாதங்களையும் வயிற்றையும் மென்மையான சோப்பால் கழுவினார்கள். மருந்தை மாற்றினார்கள். திட்டவில்லை. “நேற்றே தெரிந்திருந்தால் நேற்றே கழுவியிருப்போம்” என்று மட்டும் சொன்னார் மருத்துவர். ரோமத்தில் மகரந்தமே இல்லை என்றும் சொன்னார்.

பிறகு செல்வியிடமும் கயலிடமும் சொன்னேன். பினாயில் நான் ஊற்றியது, சாம்பிராணி என்று சொன்னது பொய், பூ காரணமில்லை. செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மகளைப் பார்த்து, “பாவம்டி, அப்பாவுக்கு என்ன தெரியும்? ஊர்ல எல்லாரும் அதைத்தானே ஊத்துவோம். தெரியாம செஞ்சுட்டார்” என்றாள்.

மகள் எனக்காக விரித்த பாயில் நான் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கயல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெத்திலி பிழைத்தாள். நாக்கின் ஓரம் கொஞ்சம் உதிர்ந்துபோனது. இப்போதும் தண்ணீர் குடிக்கும்போது பாதி வெளியே சிந்தும். கிண்ணத்தைச் சுற்றி எப்போதும் ஈரம் இருக்கும். அதைத் துடைப்பது மட்டும்தான் இந்த ஒரு வருஷமாக என் வேலை. பெட்டியைக் கயல் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டாள். காலையும் மாலையும் அள்ளுகிறாள். நான் அந்த வாசலைத் தாண்டினால், “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பாள். ஆங்கிலத்தில்.

அன்றிலிருந்து என்னிடம் அவள் ஆங்கிலம்தான் பேசுகிறாள். மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மருந்து சாப்பிட்டீர்களா, வெளியே வழுக்குகிறது கவனம், எல்லாம் சொல்வாள். எல்லாம் திருத்தமான ஆங்கிலம். அந்த ஆசிரியையோடு சேர்ந்து நான் திருத்த நினைத்த பேச்சு இந்த வீட்டில் நின்றுபோய்விட்டது. “இன்னா தாத்தா” என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளைகள் மொழியை விட்டு விலகுகிறார்கள் என்று நம் கூட்டங்களில் பலமுறை பேசியிருக்கிறேன். பேசிய என்னிடமிருந்துதான் இந்தப் பெண் விலகினாள்.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பினாயில், கற்பூரம், அந்துருண்டை வேண்டாம். லில்லிப் பூவும் வேண்டாம், அன்று அது காரணமில்லை என்றாலும் அது நஞ்சுதான். பெட்டியிலிருந்து நாற்றம் வந்தால் அதன் மேல் எதையும் ஊற்றாதீர்கள். அள்ளுங்கள்.

7

மேலே உள்ளதை வெள்ளிக்கிழமை எழுதி முடித்தேன். சனிக்கிழமை மதியம், துணி துவைக்கும் அறையில் தண்ணீர் சத்தம் கேட்டது. கயல் தொட்டிக்குள் பெட்டியை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் படையல். நான் வாசலில் நின்றேன்.

“கயல், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

சொல்லுங்கள் என்றாள், ஆங்கிலத்தில், திரும்பாமல்.

“பினாயில் நெத்திலிக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியும். உங்க ஆயா சொல்லியிருந்தா. ஞாபகம் இருந்துது. இருந்தும் ஊத்தினேன். உங்க அம்மா சொன்ன மாதிரி தெரியாம செய்யல.”

தேய்க்கும் சத்தம் நின்றது. அவள் குழாயை மூடினாள்.

“தெர்யும் தாத்தா.”

தமிழில் சொன்னாள்; எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று இருந்தது.

“ஆயா சொல்லச்சொல்ல நான் அங்கதானே குந்திகினு இருந்தேன். மேசையாண்ட. வெளங்குச்சான்னு கேட்டுச்சு. நீ வெளங்குச்சுன்ன.”

“அப்போ ஏன் ஒரு வருஷமா என்னைக் கேக்கல?”

“நீ சொல்லுவியான்னு பாத்துகினு இருந்தேன்.”

“மன்னிச்சிடும்மா.”

“நாக்கு போனது நெத்திலிக்கு. அத்தாண்ட கேளு.” கை ஈரத்தைச் சட்டையில் துடைத்தாள். “என்னாண்ட கேக்கணும்னா, அந்தப் பூவுக்குக் கேளு. ஆயாக்கு வாங்கின பூவு தாத்தா. என் கையாலயே பனியில தூக்கிப் போட்டேன். நீ நின்னு பாத்துகினு தானே இருந்த?”

“பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

அவள் தேய்க்கும் நாரை எடுத்து என் கையில் வைத்தாள்.

“வெந்நி ஊத்து. நல்லா அலசு. சோப்பு வாசன இருக்கக் கூடாது. மோந்து பாத்துட்டு வையி.”

போய்விட்டாள். அவள் அறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேய்த்தேன். அலசினேன், மறுபடியும் அலசினேன். துணியால் ஈரம் போகத் துடைத்தேன். பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்து, அஞ்சலை செய்ததுபோல, மூச்சை உள்ளே இழுத்தேன். எந்த வாசனையும் இல்லை. மணலை மூன்று விரல் ஆழத்துக்கு நிரப்பி, அதன் பழைய மூலையில் வைத்தேன்.

நிமிர்ந்தபோது நெத்திலி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தாடையில் சிந்திய தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கழுத்தை நீட்டிக் காற்றை முகர்ந்தாள்.

நான் சுவரோரமாக நகர்ந்து வழிவிட்டேன்.